மேலேயும் கீழேயும் ஒரே புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

இன்று நடந்ததை அலுவலகக் கணினியில் இருபத்தைந்து எழுத்துக்குள் எழுதச் சொன்னார்கள். குறிப்புப் பெட்டி அதற்கு மேல் ஏற்காது. "பாலத்தின் கீழ் விபத்து. வண்டி மேலே நின்ற" என்று அடித்ததும் கர்சர் நின்றுவிட்டது. அதனால் வீட்டுக்கு வந்து, என் மகள் வாசுகி பாதியில் விட்ட ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறேன். இங்கே என்னை யாரும் பாதியில் நிறுத்த முடியாது.

என் வேலை என்ன என்று கேட்கிறவர்களிடம், ஊரில் எங்கே எது முட்டிக்கொண்டாலும் முதலில் திட்டு வாங்குவது நான்தான் என்பேன். நகரப் போக்குவரத்துக் கன்ட்ரோல் ரூமில் ஆபரேட்டர். கட்டடம் போலீசுடையது, சம்பளம் மென்பொருள் கம்பெனியுடையது. விபத்து என்று யாராவது போன் செய்தால், அவர் நிற்கும் இடம் திரையில் சிவப்புப் புள்ளியாக விழும். நான் சம்பவத்தைத் திறப்பேன். பக்கத்தில் இருக்கும் ஆம்புலன்சின் திரைக்கு வழி தானாகப் போய்விடும். சிக்னல் மாறும். சாலையோரப் பலகையில் 'மாற்றுப்பாதையில் செல்லவும்' என்று எழுத்து ஓடும். எல்லாம் நல்ல ஏற்பாடுதான். நான் அதைக் குறை சொல்கிறவள் இல்லை.

ஒரு விபத்துக்குப் பத்துப் பேர் போன் செய்வார்கள். முன்பெல்லாம் நாங்களே நாலு வார்த்தை விசாரித்து, அதே விபத்துதான் என்று தெரிந்தால் பழைய சம்பவத்தோடு ஒட்டுவோம். தை மாதத்திலிருந்து கம்பெனி அதைத் தானியங்கியாக்கிவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளி விழுந்தால் கணினியே ஒட்டி, 'ஏற்கெனவே பதிவானது' என்று பதிலும் சொல்லிவிடும். அதே ஆள் மறுபடி கூப்பிட்டால்தான் எங்களிடம் வரும். பிரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை.

இன்று காலை பஞ்சாலை மேம்பாலத்தின் மேலே ஒரு லாரி நடுச்சுவரில் ஏறிக்கொண்டது. டிரைவர் நாச்சிமுத்துவின் ஆம்புலன்ஸ் ஏழு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. "கன்ட்ரோல், லாரிக்காரருக்கு நெத்தியில சிராய்ப்புங்க. பிளாஸ்திரி போட்டாப் போதும், பெருசா ஒண்ணுமில்லீங்" என்று அவர் வயர்லெஸ்சில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு போன். ஒரு பெண் குரல்.

"ஏனுங்க, ரெண்டாந்தடவை கூப்புடறேன். சிலிண்டர் போடறவரு மேல மினி லாரி ஏறிருச்சு. காலு நசுங்கிப்போச்சுங்க. பஞ்சாலைப் பாலத்துக்கிட்ட. சீக்கிரம் வாங்க!"

திரையைப் பார்த்தேன். அவளுடைய அழைப்பு லாரி சம்பவத்தோடு ஒட்டியிருந்தது. 'வண்டி சம்பவ இடத்தில்' என்று பச்சையாக எரிந்தது.

"வண்டி அங்கயே நிக்குதுங்களே."

"எங்கீங்க நிக்குது? பாலத்துக்கு அடியில நிக்கறேன் நானு. இங்க ஒரு மண்ணும் இல்ல!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வரைபடத்தில் மேம்பாலமும் அதன் அடியில் போகும் சாலையும் ஒரே கோடு. மேலே நிற்பவரும் கீழே நிற்பவரும் ஒரே புள்ளி. புதிதாக ஒரு சம்பவம் திறந்தேன், ஒட்டிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடியும் ஒட்டிக்கொண்டது. வேறு வண்டி கேட்டேன். 'ஏற்கெனவே வண்டி உள்ளது' என்றது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வயர்லெஸ்சைப் பிடித்தேன்.

"நாச்சிமுத்து, கீழ! உங்களுக்கு நேர் கீழ ஒரு ஆளு!"

முன்னால் லாரி, பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நூறு வண்டி. ஆம்புலன்ஸ் அசைய வழியில்லை. அவரும் டெக்னீஷியன் பெண்ணும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு, கீழே பஸ் நிறுத்தத்துக்கு இறங்கும் படிக்கட்டில் ஓடினார்கள். அங்கிருந்த ஒரு சரக்கு ஆட்டோவில் அடிபட்டவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதல் போன் வந்து அவர் ஆஸ்பத்திரி போய்ச் சேர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. உயிர் இருக்கிறது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

வாசுகி தோசை சுட்டு வைத்திருந்தாள். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

மார்ச் 5, புதன்

பிரவீன் எங்கள் ஷிப்டுக்குக் கம்பெனி வைத்திருக்கும் மேனேஜர். சென்னைப் பையன், முப்பது வயதிருக்கும். யாரையும் அதட்டமாட்டான். என்னை 'தெய்வானைக்கா' என்றுதான் கூப்பிடுவான். அதனாலேயே அவனிடம் சண்டை போடுவது கஷ்டம்.

காலையில் நேற்றைய அறிக்கையைத் திரையில் போட்டான். பஞ்சாலை மேம்பாலம்: அழைப்புகள் ஒன்பது, சம்பவம் ஒன்று, வண்டி சேர்ந்த நேரம் ஏழு நிமிடம். இந்த மாதத்தின் நல்ல கணக்குகளில் ஒன்று. பக்கத்தில் கட்டைவிரல் படம்கூட இருந்தது.

"போலீஸ்ல கேக்கறாங்கக்கா, பேஷண்ட் ஏன் லேட்டா ஆஸ்பிட்டல் போனார்னு. நம்ம சைடு கிளியரா இருக்கு. ஏழு நிமிஷத்துல வண்டி ஸ்பாட்ல நிக்குது. டிரைவர்தான் அட்டெண்ட் பண்ணல. அதுமில்லாம வண்டிய விட்டுட்டுப் போயிருக்கார்."

"வண்டி நின்னது மேலீங்க. ஆளு கிடந்தது கீழ."

"மேப்ல ஒண்ணுதானேக்கா?"

"மேப்புல ஒண்ணுதான். கால் போனது மேப்புலயா?"

அவன் முகம் சுருங்கியது. ஆனால் அறிக்கையை மாற்றவில்லை.

மார்ச் 7, வெள்ளி

நாச்சிமுத்துவை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஆம்புலன்சும் இதே கம்பெனியின் ஒப்பந்தம்தான், கேட்பாரில்லை. காரணம்: சம்பவ இடத்தில் இருந்தும் நோயாளியைக் கவனிக்கவில்லை, அனுமதியின்றி வண்டியை விட்டு அகன்றார்.

வயர்லெஸ்சில் புது டிரைவர். "யெஸ் மேடம், ஓகே மேடம்" என்கிறான். நாலு வருடமாக அந்த இடத்தில் "சொல்லுங் கன்ட்ரோல்" என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. நாச்சிமுத்துவை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. மழை பெய்தால், "ஏனுங், குடை கொண்டாந்தீங்களா?" என்று கேட்பார். அவ்வளவுதான் பழக்கம். ஒரு மனுஷனுக்கு அநியாயம் நடந்தால் கோபம் வரத்தான் செய்யும், வேறு ஒன்றும் இல்லை.

தண்ணீர் இன்றும் வரவில்லை. கவுன்சிலருக்குப் போன் செய்து நன்றாகக் கேட்டுவிட்டேன். பாவம், அவருக்கு என்னுடைய ஆபீஸ் கோபமும் சேர்த்துக் கிடைத்தது.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். கம்பெனி எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ரோஜாவும் ஒரு சின்ன கேக்கும் கொடுத்தது. 'நகரத்தின் பாதுகாப்புக்குப் பின்னால் இருக்கும் பெண் சக்தி' என்று பேனர். போட்டோ எடுக்கும்போது சிரிக்கச் சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலி ஜெனிபர் என் காதில், "அக்கா, போட்டோவுல வில்லி மாதிரி இருப்பீங்க" என்றாள். இருந்துவிட்டுப் போகிறேன்.

கேக்கை மட்டும் வாசுகிக்கு எடுத்துவந்தேன். கேக் என்ன பாவம் செய்தது?

மார்ச் 11, செவ்வாய்

இந்த வார விடுமுறை இன்றுதான். துணி துவைத்துப் போட்டுவிட்டு பஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் போய் நின்றேன். நாலு வருடமாகத் திரையில் பார்க்கும் இடம், கால் வைத்தது இன்றுதான். மேலே லாரி போகும்போதெல்லாம் தலைக்கு மேல் தடதடவென்று அதிர்கிறது. தூணுக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. ஒரு அம்மா டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது.

"நீங்கதானுங்களா அன்னைக்கிப் போன் பண்ணுனது?"

"நீதானா 'வண்டி அங்கயே நிக்குது'ன்னவ?" என்று இடுப்பில் கை வைத்தார். ரஹ்மத் என்று பெயர். ஐந்து நிமிடம் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்புறம் அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ சொன்னார். நாச்சிமுத்துவை சஸ்பெண்ட் செய்ததைச் சொன்னேன்.

"அந்த ஆம்புலன்சுக்காரத் தம்பி படியில எப்புடி எறங்குச்சு தெரியுமா? ஸ்ட்ரெச்சர் கம்பி கையக் கிழிச்சு ரத்தம் ஒழுகுது. அதப் பாக்கவே இல்ல. அதையா வேலய விட்டு நிறுத்துனாங்க?"

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிலிண்டர்காரர் பெயர் சின்னராசு. போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. நான் கன்ட்ரோல் ரூம் என்றதும் அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மட்டும் மெதுவாகப் பேசினார்.

"கம்பெனிக்காரங்க வந்துட்டுப் போனாங்கக்கா. ஏழு நிமிசத்துல வந்துட்டோம்னு எழுதியிருக்காங்களாமா. நான் அங்க கிடந்தது எனக்குத் தெரியாதா? மேல சைரன் கேட்டுட்டே கிடந்தேன். இதா வந்துட்டாங்க, இதா வந்துட்டாங்கன்னு."

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து வராந்தாவில் அழுதேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு, அந்த 'ஏழு நிமிட'த்தை அறிக்கையில் இருக்கவிடமாட்டேன் என்று முடிவு செய்தேன்.

மார்ச் 12, புதன்

போக்குவரத்து இன்ஸ்பெக்டர் தாமோதரன் விசாரணை வைத்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கணினி சொல்வதை வேதமாக நம்புகிறவர். போன வருடம் வரை எல்லாம் வாய்ப்பேச்சு, யார் சொல்வதை நம்புவது என்று தெரியாமல் திண்டாடினோம் என்பார். அதுவும் உண்மைதான்.

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பிரவீன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். ஆம்புலன்சின் புள்ளியும் ரஹ்மத்தின் புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்று.

"டேட்டா இப்படிச் சொல்லுதேம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"டேட்டாவுக்குப் படிக்கட்டு தெரியாதுங்க சார்."

"அன்னைக்கு அந்தம்மா தெளிவா 'கீழே'ன்னு முதல்லயே சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தாலும் கேக்கறதுக்கு ஆளில்லீங்க. முதல் போனைக் கணினியே எடுத்து, கணினியே ஒட்டி, 'உங்கள் புகார் ஏற்கெனவே பதிவானது'ன்னு கணினியே பதில் சொல்லீருச்சு."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தார். பிரவீன் பணிவாக, "சார், ஒரு பாலத்துக்காக சிஸ்டத்தை நிறுத்த முடியாது. இது அபூர்வமான கேஸ்" என்றான். ஊரில் ஆறு மேம்பாலம் இருக்கிறது என்றேன். பிறகு பார்க்கலாம் என்று எழுந்துவிட்டார்கள். நான்தான் கடைசியாக எழுந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

வாசுகிக்குக் கணக்குப் பரீட்சை. சுமாராக எழுதினாளாம். எனக்கும் சுமார்தான்.

மார்ச் 17, திங்கள்

நாச்சிமுத்துவின் நம்பரை ஜெனிபரிடம் வாங்கிப் போன் செய்தேன். வேலை விஷயத்துக்காக மட்டும்தான். என் குரல் கேட்டதும் "சொல்லுங் கன்ட்ரோல்" என்றார், வீட்டில் இருந்துகொண்டும். எனக்கு என்ன பேச வந்தேன் என்றே ஒரு நிமிடம் மறந்துவிட்டது.

மச்சானின் நர்சரியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாராம். "செடிக யாரும் போன் பண்றதில்லீங், நிம்மதியா இருக்குது" என்றார். நிம்மதியாக இருக்கிறவர் குரல் அப்படி இருக்காது.

"எனக்காக நீங்க மல்லுக்கட்டாதீங்க. உங்க வேலையும் போயிரும். பொண்ணு படிக்குதில்ல?"

"உங்களுக்காகன்னு யாரு சொன்னது?" என்றேன். கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வாசுகி புத்தகத்துக்கு மேலே தலையைத் தூக்கிப் பார்த்து, சிரித்துக்கொண்டே மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாதா?

மார்ச் 18, செவ்வாய்

வெள்ளிக்கிழமை வேறொரு மாநகரத்திலிருந்து போலீஸ் அதிகாரிகள் எங்கள் ஏற்பாட்டைப் பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் அங்கேயும் இதையே வைப்பார்கள். பிரவீனுக்குத் தூக்கமில்லை.

"தெய்வானைக்கா, டெமோல நீங்கதான் உக்காரணும். உங்க கை வேகம் யாருக்கும் வராது."

திட்டம் இது. பஞ்சாலை மேம்பாலத்தின் மேலேயே செய்துகாட்டப் போகிறார்கள், பார்க்க அழகாக இருக்குமாம். கம்பெனி ஆட்கள் ஆறு பேர் மேலே நின்றுகொண்டு, டெமோவுக்கென்று வைத்த தனி நம்பருக்குப் போன் செய்வார்கள். ஆறும் ஒட்டிக்கொண்டு ஒரே சம்பவமாகும். வண்டி போய்ச் சேரும். கைதட்டு.

"அதே பாலமா?" என்றேன்.

"அங்கதான்கா நமக்கு ரெக்கார்டு நல்லா இருக்கு."

வெந்நீரை மேலே ஊற்றியிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. ஆனால், சரி, உட்காருகிறேன் என்றேன். அவன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான்.

மார்ச் 19, புதன்

வேலை முடிந்து ரஹ்மத்தக்காவின் கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு டியூபைக் கீழே வைத்தார்.

"பொய்ப் போனு பண்ணோணுமா?"

"பொய் இல்லீங்கக்கா. டெமோ நம்பரு அது. எல்லாரும் சும்மா பண்றதுதான். நீங்க கீழ இருந்து பண்ணுங்க. நான் கேக்கறப்போ கண்ணுல என்ன தெரியுதோ அதைச் சொல்லுங்க, போதும்."

"உன் பொழப்பு போயிருமே?"

"போனாப் போகட்டும்."

"எனக்கு என்ன போவப் போவுது? பஞ்சர் ஒட்டறவள யாரு சஸ்பெண்ட் பண்றது?" என்று சிரித்தார். "நம்பரச் சொல்லு."

மார்ச் 21, வெள்ளி

வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பதினைந்து பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் நரைத்த முடியோடு ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் எங்கள் இன்ஸ்பெக்டர் தாமோதரன், சட்டையில் கஞ்சி மொடமொடவென்று. பிரவீன் கோட்டு போட்டிருந்தான். சுவர்த் திரையில் பஞ்சாலை மேம்பாலம் மேசை அளவுக்கு விரிந்திருந்தது.

முதல் போன் வந்தது, சம்பவம் திறந்தேன். இரண்டு, மூன்று, ஆறு. ஒவ்வொரு புள்ளியாக விழுந்து விழுந்து ஒட்டிக்கொண்டது. பிரவீன் விளக்கிக்கொண்டே போனான். ஏழாவது போன் வந்தது. அதுவும் ஒட்டிக்கொண்டது. பிரவீன் ஒரு விநாடி தயங்கினான், ஆறுதானே என்று விரலால் எண்ணிப் பார்த்திருப்பான். பிறகு சமாளித்துக்கொண்டு, "ஏழு அழைப்புகள், ஒரே சம்பவம்!" என்றான். ஆம்புலன்ஸ் புள்ளி வந்து சேர்ந்து பச்சையானது. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள், லைனிலேயே இருந்த ஏழாவது அழைப்பை ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, கன்ட்ரோல் ரூமுங்க. உங்ககிட்ட ஆம்புலன்ஸ் வந்துருச்சுன்னு திரை சொல்லுது. வந்துருச்சுங்களா?"

"எங்க வந்துச்சு?" ரஹ்மத்தக்காவின் குரல் அந்தப் பெரிய அறை முழுக்கக் கேட்டது. "நான் பாலத்துக்கு அடியில நிக்கறேன். எம் முன்னால ஒரு தூணு இருக்குது, ஒரு நாய் படுத்திருக்குது. வண்டி சத்தம் மேல கேக்குது. அன்னைக்கிம் இப்புடித்தான் கேட்டுச்சு."

பிரவீன் என் மேசையை நோக்கி வந்தான். அந்தப் பெண் அதிகாரி கையைத் தூக்கி அவனை நிறுத்தினார்.

"அன்னைக்குன்னா என்னைக்கும்மா?" என்று அவரே மைக்கில் கேட்டார்.

ரஹ்மத்தக்கா சொன்னார். சின்னராசு கிடந்தது, இரண்டு தடவை போன் செய்தது, 'ஏற்கெனவே பதிவானது' என்று குரல் வந்தது, ரத்தம் ஒழுகும் கையோடு ஒருவர் படியில் இறங்கி ஓடி வந்தது, எல்லாம். கடைசியில், "அந்தத் தம்பியத்தான் வேலய விட்டு நிறுத்தீட்டாங்க. நீங்க பெரிய ஆபீசருன்னா ஏன்னு கேளுங்கம்மா" என்று போனை வைத்துவிட்டார்.

அந்த அதிகாரி எங்கள் இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். "எங்க ஊர்ல பதினொரு மேம்பாலம் இருக்கு, மிஸ்டர் தாமோதரன்" என்றார். இன்ஸ்பெக்டர் முகம் சுண்டிப்போய்விட்டது.

எல்லோரும் போன பிறகு பிரவீன் வந்தான். கோட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். கண் கலங்கியிருந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா."

"ரெண்டு தடவை சொன்னேன் பிரவீன்."

"நாளைலேர்ந்து வர வேணாம்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சின்னராசுவின் போர்வை ஞாபகம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மார்ச் 22, சனி

நாலு வருடத்தில் முதல் முறையாகப் பகலில் தூங்கினேன். வாசுகி காபி போட்டுக்கொண்டு வந்து, "அம்மா, நீ செஞ்சது சூப்பர்" என்றாள். பிறகு, "கல்லூரி பீஸ் கட்டற வரைக்கும் பொறுத்திருக்கலாம்" என்றாள். இரண்டும் உண்மை. கட்டிக்கொண்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

கம்பெனியிலிருந்து போன். 'உணர்ச்சிவசப்பட்டுச் செய்துவிட்டேன், வருந்துகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. முடியாது என்றேன்.

சாயங்காலம் கதவைத் தட்டினார்கள். குள்ளமாக, கட்டை மீசையோடு ஒரு ஆள், கையில் செம்பருத்திச் செடி ஒரு பையில். அந்தக் குரலுக்கு ஆறடி உயரம் வைத்திருந்தேன் மனதில்.

"சொல்லுங் கன்ட்ரோல்" என்றார் வாசலில் நின்றுகொண்டே.

நான் புதுப் புடவையில் இருந்தேன். பழையது துவைத்துப் போட்டிருந்தது, அதனால்தான்.

எனக்கு வந்த போனைப் பற்றிச் சொன்னேன். அவரையும் கம்பெனி கூப்பிட்டதாம். எச்சரிக்கைக் கடிதம் ஒன்றில் கையெழுத்துப் போட்டால் வண்டிச் சாவி கிடைக்கும். இனி அனுமதியில்லாமல் வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்று அதில் எழுதியிருக்கிறது.

"போட்டுட்டு வண்டியை எடுங்க. செடிக்குத் தண்ணி ஊத்தறதுக்கா நீங்க பொறந்தீங்க?" என்று சத்தம் போட்டேன்.

"நாளைக்கே மறுபடி ஒருத்தன் கீழ கிடந்தா?"

செடிப் பையை வாங்கிக் கீழே வைத்தேன்.

"எறங்குவனா மாட்டனா?"

"எறங்குவீங்க."

"அப்பறம் எப்புடிங் கையெழுத்துப் போடறது? சரி, நீங்க எழுதிக் குடுத்துட்டீங்களா?"

உள்ளே வாசுகி சிரித்துக்கொண்டே டீக்குப் பால் வைத்தாள். அவர் டீ குடித்துவிட்டு, கையைக் காட்டினார். உள்ளங்கையில் தழும்பு நீளமாக, இன்னும் சிவப்பாக இருந்தது. மருந்து போடுங்கள் என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

மார்ச் 27, வியாழன்

இன்ஸ்பெக்டர் தாமோதரனே போன் செய்தார். அந்த ஊர் அதிகாரி எழுதிய கடிதம் கமிஷனர் வரைக்கும் போய்விட்டதாம். தானாக ஒட்டுவதை நிறுத்தியாகிவிட்டது. மேம்பாலம் வந்தால் மேலேயா கீழேயா என்று ஆளே கேட்டு அடிக்க வேண்டும். அன்றைய பதிவையும் திருத்த வேண்டும், ஒன்றாக இருந்ததை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அன்றைக்கு ஷிப்டில் இருந்த ஆபரேட்டரின் பெயரில்தான் திருத்த முடியும் என்று கணினி அடம் பிடிக்கிறதாம். அதாவது நான்.

"வந்து அடிச்சுக் குடுத்துட்டுப் போம்மா."

"வர்றேனுங்க சார். ஆனா நாச்சிமுத்து ஒரு எழுத்துகூட எழுதிக் குடுக்காம வண்டிய எடுக்கோணும். அது நடந்த பொறகுதான் அடிப்பேன்."

"எனக்கே கண்டிஷன் போடறயா நீ?"

"ஆமாங்க சார்."

பிறகு, "நாளைக்குப் பத்து மணிக்கு வா" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 28, வெள்ளி

வாசலில் பழைய அடையாள அட்டையைக் காட்டினேன், கதவு திறக்கவில்லை. இன்ஸ்பெக்டரே வந்து திறந்துவிட்டார். என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஜெனிபர் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

உட்கார்ந்தேன். ஆனால் விசைப்பலகையைத் தொடவில்லை. கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரவீன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வயர்லெஸ் கரகரத்தது.

"கன்ட்ரோல், வண்டி எடுத்துட்டனுங். கையெழுத்து எதுவும் கேக்கலீங்."

அதன் பிறகு அடித்தேன். சம்பவம் ஒன்று: பாலத்தின் மேல், லாரி, லேசான காயம், வண்டி சேர்ந்த நேரம் ஏழு நிமிடம். சம்பவம் இரண்டு: பாலத்தின் கீழ், சின்னராசு, இடது கால். வண்டி சேர்ந்த நேரம் என்ற இடத்தில் 'சேரவில்லை' என்று அடித்தேன். கணினி எண்தான் வேண்டும் என்றது. மறுபடி அடித்தேன். மறுபடி மறுத்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு, தன் கடவுச்சொல்லைப் போட்டு அதை ஏற்க வைத்தார். இந்த மாதம் எங்கள் நகரத்தின் கணக்கு கெட்டுப்போய்ச் சிவப்பாகிவிட்டது. கட்டைவிரல் படம் காணாமல் போனது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சின்னராசுவின் மனைவியிடம் பதிவைத் திருத்திவிட்டதைச் சொன்னேன். அவள் போனை வைக்கவில்லை. அழுகிறாள் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

"முடிஞ்சுதுக்கா" என்றான் பிரவீன் மெதுவாக. நான் எழுந்திருக்க அவன் காத்திருந்தான். என்னைத் திரும்பச் சேர்ப்பதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

போன் அடித்தது. என் லைன். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. பஸ் ஸ்டாண்ட் மேம்பாலம். ஜெனிபர் வேறொரு அழைப்பில் இருந்தாள். பிரவீன் என்னைப் பார்த்தான். நான் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

"கன்ட்ரோல் ரூம், சொல்லுங்க. பாலத்துக்கு மேலீங்களா, கீழீங்களா?"

என்னை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.